வாங்கியவர் பெயரை மறைத்தால் போதுமா?

கேள்வி: ஒரு ஓவியக் கேலரியில் கணக்கும் இன்வாய்ஸும் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பதவியில் உள்ள அமைச்சர் ஒருவரின் தம்பி வரைந்த 22 ஓவியங்களை வைத்து அவருடைய முதல் தனிக் கண்காட்சியை அடுத்த மாதம் நடத்துகிறோம். விலையை எங்கள் உரிமையாளரே போட்டார். பெரிய பெயர் உள்ளவர்களுக்குப் போடும் விலை அது. "இது லஞ்சம் என்று யாராவது பேசுவார்களே" என்று கேட்டேன். "வாங்குபவர் பெயரை ஓவியருக்கும் சொல்ல மாட்டோம், வெளியிலும் சொல்ல மாட்டோம், அப்புறம் எப்படி லஞ்சமாகும்?" என்கிறார். இதற்குள் ஒரு நிறுவனம், படத்தைப் பார்க்காமலே நான்கை எடுத்துக்கொள்வதாகவும், படங்கள் கேலரியிலேயே இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறது. உரிமையாளர் சொல்லும் ஏற்பாடு போதுமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: போதாது. சொல்லப்போனால், நீங்கள் எழுதியிருப்பவற்றில் என்னை அதிகம் உறுத்துவது உயர்ந்த விலையைவிட இந்த ரகசிய ஏற்பாடுதான். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. ஆகவே எங்கும் பொருந்துவதைச் சொல்லி, இடையிடையே சில நாட்டுச் சட்டங்களைத் தொட்டுக்காட்டுகிறேன்.

ரகசியம் யாருடைய கண்ணைக் கட்டுகிறது என்று பாருங்கள். வாங்குபவருக்குத் தான் வாங்கியது தெரியும். ஓவியரையோ அவருடைய அண்ணனையோ ஒரு விருந்தில் சந்தித்து, "உங்கள் நீலப் படம் எங்கள் வரவேற்பறையில்தான் இருக்கிறது" என்று அவரே சொல்லிவிடலாம். கேலரியால் அதைத் தடுக்க முடியாது. கண் கட்டப்படுவது பத்திரிகையாளருக்கும் தணிக்கையாளருக்கும் எதிர்க்கட்சிக்கும்தான். லஞ்சம் கொடுக்க நினைப்பவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டாம்.

இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் அப்போதைய அதிபர் ஜோ பைடனின் மகன் ஹண்டர் பைடன் வரைந்த ஓவியங்களுக்கு 2021-ல் நியூயார்க் கேலரி ஒன்று 75,000 முதல் 5,00,000 டாலர் வரை விலை சொன்னது. சர்ச்சை கிளம்பியதும் வெள்ளை மாளிகை அறிவித்த ஏற்பாடு ஏறக்குறைய உங்கள் உரிமையாளர் சொல்வதுதான்: விலையை கேலரி போடும், சொன்ன விலைக்கு மேல் யாராவது கொடுக்க வந்தால் மறுக்கும், வாங்கியவர் பெயரை ஓவியருக்கோ அரசுக்கோ சொல்லாது. அரசு நெறிமுறை அலுவலகத்தின் முன்னாள் தலைவர் வால்டர் ஷாப் அப்போதே இதை எதிர்த்தார். வாங்கியவர்களுக்கு அரசிடமிருந்து ஏதாவது சலுகை போகிறதா என்று வெளியாட்கள் கண்காணிக்கும் வழியே இதனால் அடைபடுகிறது என்பது அவருடைய வாதம். பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2024 ஜனவரியில் நாடாளுமன்றக் குழு முன் கேலரி உரிமையாளர் சாட்சி சொன்னார். மொத்த விற்பனை சுமார் 15 லட்சம் டாலர். அதில் மதிப்பின்படி 70 சதவீத அளவுக்கு வாங்கியவர் யார் என்பது ஓவியருக்குத் தெரிந்தே இருந்தது. 8,75,000 டாலருக்கு வாங்கியவர் ஓவியரின் நண்பரான வழக்கறிஞர். ஜோ பைடனின் கட்சிக்கு நன்கொடை கொடுத்துவந்த இன்னொருவர் 2021-ல் ஒரு படமும் 2022 இறுதியில் ஒரு படமும் வாங்கினார்; இடையில், 2022 ஜூலையில், சம்பளமில்லாத ஓர் அரசு ஆணையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஓவிய விற்பனைக்காக ஹண்டர் பைடன் மீது குற்றச்சாட்டும் வரவில்லை. ஆனால் 'பெயர் தெரியாது' என்ற திரை கிழிந்ததும், அதுவரை ஒழுங்காக நடந்த விற்பனையும் சந்தேகத்துக்குள் வந்துவிட்டது. உங்கள் கேலரிக்கும் அதுதான் நேரும்.

ஓவியம் ஏன் இந்த வேலைக்கு இவ்வளவு தோதாக இருக்கிறது? நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு உண்டு, தங்கத்துக்கு அன்றாட விலை உண்டு, பங்குக்குச் சந்தை உண்டு. முதல் கண்காட்சி நடத்தும் ஓவியருக்கு எதுவும் கிடையாது. "எனக்குப் பிடித்தது, கொடுத்தேன்" என்றால் பொய் என்று நிரூபிக்க முடியாது. அது உண்மையாகவும் இருக்கலாம்.

சீனாவில் இந்த வழி நன்கு தெரிந்த ஒன்று. 'யாஹுயி' என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நாகரிக லஞ்சம் என்று சொல்லலாம். அதிகாரிக்கு ஒரு படம் பரிசாகப் போகும். அவர் உறவினர் மூலம் அதை ஏலத்துக்கு அனுப்புவார். கொடுத்தவரின் ஆளே வந்து பல மடங்கு விலைக்கு எடுப்பார். பணம் ஏல நிறுவனத்தின் ரசீதோடு வெள்ளையாக வந்து சேரும். படம் போலியாக இருந்தால் இன்னும் வசதி. மாட்டிக்கொண்டால் "மலிவான நகலைத்தானே வாங்கினேன்" என்று பரிசின் மதிப்பைக் குறைத்துச் சொல்லலாம். சோங்சிங் நகரின் காவல் துறை உயர் அதிகாரி வென் சியாங் மீதான லஞ்ச வழக்கில், பிரபல ஓவியர் சாங் தாச்சியென் வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு படத்துக்கு முதலில் 36.4 லட்சம் யுவான் மதிப்பிட்டார்கள். பிறகு அரசின் வல்லுநர்கள் அதை நகல் என்றார்கள். (மற்ற குற்றங்களும் சேர்ந்து 2010-ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.) அரசின் மதிப்பீடே இப்படிப் புரள்கிறது என்றால், கேலரிக்காரர் ஒரு காகிதத்தில் எழுதும் விலைக்கு என்ன எடை இருக்கும்?

"காசோலையில்தான் வாங்கினோம், வரியும் கட்டினோம்" என்ற பதிலையும் அடிக்கடி கேட்பீர்கள். யெஸ் வங்கி நிறுவனர் ராணா கபூர், எம்.எஃப். ஹுசைன் வரைந்த ராஜீவ் காந்தி ஓவியத்தைப் பிரியங்கா காந்தியிடமிருந்து 2 கோடி ரூபாய்க்கு 2010-ல் வாங்கினார். வாங்கும்படி வற்புறுத்தப்பட்டதாகப் பிற்காலத்தில் அவர் அமலாக்கத் துறையிடம் சொன்னார். காங்கிரஸ் அதை மறுத்தது. பணம் காசோலையாக வந்தது, வருமான வரிக் கணக்கிலும் காட்டப்பட்டது என்றது. யார் சொல்வது சரி என்பதற்குள் நான் போகவில்லை. உங்களைப் போன்ற கணக்காளர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பணம் எந்த வழியில் வந்தது என்பதற்குக் காசோலை சாட்சி. எதற்காக வந்தது என்பதற்குச் சாட்சி வேறு எங்காவது இருக்க வேண்டும். அதைத்தான் உங்கள் கோப்பு சொல்ல வேண்டும்.

முதலில் விலை. புதிய ஓவியருக்கு விலை போட எளிய முறை, உயரத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் கூட்டி ஒரு விகிதத்தால் பெருக்குவது. பரப்பளவை வைத்துப் பெருக்குவோரும் உண்டு. பெரிய கேன்வாஸ்களில் அது தாறுமாறாக ஏறும். 12×16 படத்தையும் 48×60 படத்தையும் ஒப்பிடுங்கள். பரப்பளவு 192, 2,880. அதாவது 15 மடங்கு. கூட்டல் முறையில் 28, 108. நான்கு மடங்குகூட இல்லை. விலையை ஊதிக் காட்ட நினைப்பவர்கள் பெரிய படங்களுக்கு மட்டும் பரப்பளவுக் கணக்குக்குத் தாவுவார்கள். ஆகவே 22 படத்துக்கும் ஒரே சூத்திரம்தானா என்று பாருங்கள். அந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்பதற்கு, உங்கள் கேலரியிலேயே முதல் தனிக் கண்காட்சி நடத்திய குறைந்தது ஐந்தாறு பேரின் விலைகளை எடுங்கள். அதே ஊடகமாக இருக்க வேண்டும். எண்ணெய் வண்ணத்தைத் தாளில் வரைந்த வாட்டர்கலரோடு ஒப்பிடாதீர்கள். சொன்ன விலையை விட்டுவிட்டு விற்ற விலையை எடுங்கள்.

இப்போது போட்டிருக்கும் விலை அதைவிட ஆறு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மீதி ஐந்து மடங்கு எதற்கு? பெயருக்கு. புகழ்பெற்ற குடும்பப் பெயருக்குக் கூடுதல் விலை கொடுக்கும் ஆட்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்; நடிகர்கள் வரைந்த படங்களும் அப்படித்தான் விற்கின்றன. அது குற்றமாகாது. ஆனால் பெயருக்கான விலை எவ்வளவு, கலைக்கான விலை எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வையுங்கள். அதிகாரம் போனதும் எது கரைகிறது என்று பிறகு பார்க்கலாம். ஹண்டர் பைடனே 2025 மார்ச்சில் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில், 2023 டிசம்பருக்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் 27 படங்கள் சராசரியாக 54,000 டாலருக்கு மேல் விற்றதாகவும், அதன் பிறகு 36,000 டாலருக்கு ஒரே ஒரு படம்தான் போனதாகவும் சொன்னார். இந்தச் சரிவு எந்த லஞ்சத்தையும் நிரூபிக்காது. சந்தை எதற்கு விலை கொடுத்தது என்ற கேள்வியை மட்டும் கூர்மையாக்குகிறது.

வெளியாரிடம் மதிப்பீடு வாங்கினால், அவருடைய கட்டணம் மதிப்பின் சதவீதமாக இருக்கக் கூடாது. நிலையான தொகையாக இருக்கட்டும். உங்கள் உரிமையாளரின் மதிப்பீட்டை யாரும் நம்ப மாட்டார்கள். 40-லிருந்து 50 சதவீதம் வரை கமிஷன் வாங்குகிறவருக்கு விலை ஏறுவதில் லாபம் இருக்கிறது.

அடுத்தது வாங்குபவர். வழக்கமான வாடிக்கையாளர் அடையாளப் படிவம் இங்கே பாதி வேலைதான் செய்யும். அந்தப் படிவங்கள் வாங்குபவரின் பணம் கறுப்பா என்று துருவுவதற்காக எழுதப்பட்டவை. உங்கள் விஷயத்தில் வாங்குபவரின் பணம் சுத்தமான லாபமாகவே இருக்கலாம். ஆபத்து அது போய்ச் சேரும் இடத்தில். அரசியல் செல்வாக்குள்ள நபரின் குடும்பத்தினரையும் நெருங்கியவர்களையும் அவரைப் போலவே கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது, பணமோசடித் தடுப்புக்கான சர்வதேச அமைப்பான நிதி நடவடிக்கைப் பணிக்குழுவின் (FATF) பரிந்துரை. அந்தப் பட்டியலில் இங்கே நிற்பவர் ஓவியர். அதனால் வழக்கமான கேள்விகளோடு, அதாவது நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார், பணம் யார் கணக்கிலிருந்து வருகிறது என்பவற்றோடு, இன்னொன்றையும் சேருங்கள்: வாங்குபவருக்கோ அவருடைய நிறுவனத்துக்கோ அமைச்சரின் துறையில் உரிமம், டெண்டர், வழக்கு, வரிச்சலுகை, நியமனம் என்று ஏதாவது நிலுவையில் உள்ளதா? எழுத்தில் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நல்லெண்ணத்தோடு வாங்குபவர் இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிடுவார். கோபப்படுகிறவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கேட்பது நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 10,000 யூரோவும் அதற்கு மேலும் மதிப்புள்ள விற்பனைகளில் ஈடுபடும் கேலரிகள் 2020 ஜனவரி 10 முதல் பணமோசடித் தடுப்பு விதிகளுக்குள் வந்துவிட்டன. தொடர்புடைய சின்ன விற்பனைகளைக் கூட்டித்தான் அந்த வரம்பைக் கணக்கிட வேண்டும். 4,000 வீதம் மூன்று இன்வாய்ஸ் போட்டுத் தப்ப முடியாது. அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் வந்தால் அரசுக்குப் படிவம் போக வேண்டும். இந்தியாவில் ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. இவை எல்லாம் குறைந்தபட்சம். இவற்றைக் கடைப்பிடித்துக்கொண்டே ஓர் அமைச்சருக்கு லஞ்சம் கொடுத்துவிடவும் முடியும் என்பதை மறக்காதீர்கள்.

இனி, நீங்கள் உட்காரும் மேசையிலிருந்து தெரியக்கூடியவை. ஓவியம் வாங்குகிறவர் அளவு கேட்பார், ஃபிரேம் போட்டதா என்று கேட்பார், சுவரில் வைத்துப் பார்க்கிறேன் என்பார், பத்து சதவீதம் குறையுங்கள் என்பார். ஓவியரின் குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வந்தவர் இதில் எதையும் கேட்க மாட்டார். சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டுவார். படத்தின் தலைப்பே இல்லாமல் 'கலைப்பொருள் 4 எண்ணிக்கை' என்று இன்வாய்ஸ் கேட்பார், அவர் அலுவலகத்தில் அது 'உள் அலங்காரச் செலவு' என்று ஏறும். காப்பீடும் வண்டியும் கேட்க மாட்டார். பணம் கொடுத்தது ஒருவர், இன்வாய்ஸ் பெயர் இன்னொருவர் என்று வரும்.

முன்பணத்தை உற்றுப் பாருங்கள். இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். "எனக்காக ஒரு பெரிய படம் வரையுங்கள்" என்று பாதித் தொகை கொடுத்துவிட்டு, படம் வராமலே, பணமும் திரும்பாமலே இருந்தால், விற்பனைப் பதிவேட்டில் அது தெரியவே தெரியாது. நிலுவைக் கணக்கில் தூங்கும். அதே போல கேலரிக்குக் கமிஷனை மட்டும் கட்டிவிட்டு ஓவியரின் பங்கை "நாங்களே பேசித் தீர்த்துக்கொள்கிறோம்" என்பது. நாடாளுமன்றக் குழு முன் வந்த சாட்சியப்படி, மேலே சொன்ன, ஹண்டர் பைடனின் வழக்கறிஞர் நண்பரின் கொள்முதல் அப்படித்தான் நடந்தது. நண்பர்களுக்குள் அதற்குக் காரணம் இருக்கலாம். உங்கள் கேலரியில் அனுமதிக்காதீர்கள்: முழுத் தொகை கேலரி கணக்கில் வரட்டும், அங்கிருந்து ஓவியருக்குப் போகட்டும். இல்லாவிட்டால் நடக்காத ஒரு பணப் பரிமாற்றத்துக்கு நீங்கள் இன்வாய்ஸ் போட்டிருப்பீர்கள்.

இவற்றில் எது இருந்தாலும் அது லஞ்சம் என்று எழுதிவிடாதீர்கள். முகஸ்துதிக்காக வாங்குபவர் உண்டு. பெரிய இடத்துப் படம் வீட்டில் இருப்பதற்காக வாங்குபவர் உண்டு. லஞ்சத்துக்கு, பதவியில் இருப்பவர் அந்தப் பணத்துக்காக ஏதோ ஒன்றைச் செய்தார் அல்லது செய்ய ஒப்புக்கொண்டார் என்ற இணைப்பு வேண்டும். பணம் அவர் கைக்கே வர வேண்டியதில்லை. ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை, அதிகாரிக்காகவோ வேறொருவருக்காகவோ கொடுக்கப்படும் ஆதாயம் என்று இரண்டையும் சேர்த்தே வரையறுக்கிறது. ஆனால் பதிலுக்கு என்ன செய்தால் குற்றம் என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. வர்ஜீனியா ஆளுநராக இருந்த மெக்டானலும் அவர் மனைவியும் ஒரு தொழிலதிபரிடமிருந்து 1,75,000 டாலருக்கு மேல் பரிசும் கடனும் பெற்ற வழக்கில், ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது மட்டுமே லஞ்சச் சட்டம் சொல்லும் அரசுச் செயலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்லிவிட்டது. ஆக, படம் வாங்கினால் அமைச்சரைப் பார்க்கலாம் என்பது ஓரிடத்தில் சிறை, இன்னோரிடத்தில் வெறும் அசிங்கம். இந்தியாவில் கட்டாயப்படுத்தி வாங்க வைக்கப்பட்டவருக்கும் ஒரு கெடு உண்டு. 2018 திருத்தத்துக்குப் பிறகு, 7 நாட்களுக்குள் புகார் கொடுத்தால்தான் லஞ்சம் கொடுத்த குற்றத்திலிருந்து அவர் தப்ப முடியும்.

இணைப்பைத் தேட உங்களுக்கு இருக்கும் ஒரே கருவி தேதி. ஒரு தாளில் ஒரு பக்கம் விசாரித்த நாள், பணம் வந்த நாள், படம் போன நாள். மறு பக்கம் பொதுவெளியில் கிடைக்கும் அமைச்சக அறிவிப்புகள், டெண்டர் முடிவுகள், நியமனங்கள். முன்னும் பின்னும் 12 மாதம் போதும். எதுவும் பொருந்தாவிட்டால் அந்தத் தாளே உங்கள் கேலரிக்குக் கவசம்.

உரிமையாளரிடம் என்ன சொல்வது? கண்காட்சியை அண்ணன் பதவியிலிருந்து இறங்கும் வரை தள்ளிப்போடுவதே நல்லது. கேட்க மாட்டார் என்று தெரியும். அடுத்த நல்ல வழி, அவர் ஏற்பாட்டைத் தலைகீழாக்குவது. வாங்கியவர் பெயரையும் விலையையும் வெளியிடுவோம் என்று விற்பனை நிபந்தனையிலேயே அச்சிடுங்கள். அந்தத் துறையில் ஏதாவது நிலுவையில் உள்ளவர், அரசு ஒப்பந்ததாரர், வெளிநாட்டு அரசைச் சார்ந்தவர் ஆகியோருக்கு விற்பதில்லை என்று எழுதுங்கள். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வரக் கூடாது. அழைப்பிதழில் அவர் பெயரும் வேண்டாம். திரும்ப வாங்கிக்கொள்ளும் உறுதி யாருக்கும் தராதீர்கள். இப்படிச் செய்தால் பாதிப் படம் விற்காது என்று உரிமையாளர் சொல்வார். சரியாகச் சொல்கிறார். அந்தப் பாதியைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பங்குக்கு, உரிமையாளருக்கு ஒரு பக்கத்தில் மின்னஞ்சல் அனுப்புங்கள். யாரையும் குற்றம் சாட்டாமல் கவனித்தவற்றையும் பரிந்துரையையும் மட்டும் எழுதுங்கள். உங்கள் குறிப்பின் பிரதி உங்களிடம் இருக்கட்டும். வாடிக்கையாளர் ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அது தனி வழக்காகும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் கேலரிக்குப் புகாரளிக்கும் கடமை இருந்தால், கேலரியில் அதற்குப் பொறுப்பானவரிடம் சொல்லுங்கள்; புகார் போனதை வாங்குபவரிடம் வாய்தவறியும் சொல்லாதீர்கள். பல நாடுகளில் அப்படிச் சொல்வதே குற்றம். கேலரிக்காரரின் வழக்கறிஞர் உங்கள் வழக்கறிஞர் ஆக மாட்டார். ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்தாவது தனியாக ஒருவரைக் கேளுங்கள்.

அந்த நான்கு படம் கேட்ட நிறுவனத்துக்கு இன்வாய்ஸ் போடாதீர்கள். படிவத்தை அனுப்புங்கள், படங்களை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள், பணம் வந்த 30 நாளில் எடுத்துச் செல்ல வேண்டும் என்று எழுதுங்கள். எடுத்துப் போகாத படம் அடுத்த ஆண்டு இன்னொருவருக்கு விற்கப்பட்டால், ஒரே கேன்வாஸுக்கு இரண்டு முறை பணம் வந்திருக்கும். விலைக் கோப்பு இதுவரை இல்லையென்றால் இன்றைய தேதி போட்டே தொடங்குங்கள். கண்காட்சி அறிவித்த பிறகுதான் எழுதப்பட்டது என்று அதிலேயே குறியுங்கள். முன்தேதியிட்டுத் தரச் சொல்லி உரிமையாளர் கேட்டால், அதில் உங்கள் கையெழுத்து இருக்கக் கூடாது.